சத்தமில்லாத கிலுகிலுப்பை

என்னிடம் ஒரு சிவப்புக் கிலுகிலுப்பை இருக்கிறது. ஆட்டினால் சத்தம் வராது. நடுவில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். எடுத்துத் திரும்ப பீரோவில் வைப்பேன்.

ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போய், கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் ஆயாவாக வேலை பார்த்தேன். டாக்டரம்மா குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் நாளில் ஏசியை நிறுத்திவிடுவோம். குளிர் அதுகளுக்கு ஆகாது. பஞ்சு சுற்றிப் படுக்கவைப்பேன். கண் இலந்தைப்பழம் அளவுகூட இருக்காது. அதற்குள் ஊசி போன்ற கருவிகளை விட்டு, குறைமாதத்தில் பிறந்ததால் பிய்ந்து நிற்கும் விழித்திரையைப் படியவைக்க வேண்டும். டாக்டரம்மாவுக்கு வியர்வை ஊற்றும். மைக்ராஸ்கோப்பை விட்டு முகத்தை எடுக்க மாட்டார். நெற்றியைத் துடைப்பது என் வேலை. அவர் கை அசைவதே தெரியாது.

சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கார்மெண்ட்ஸில் தைப்பவள். பையன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில்தான் ஆபரேஷன். பார்வை வருமா என்று கேட்டாள். இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

சில மாதம் கழித்துக் கிலுகிலுப்பையோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், எம்புள்ள பாக்குறான். இத ஆட்டுனா திரும்புறான் மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "காது திரும்புதும்மா. கண்ணு திரும்புதான்னு பாக்கணும்."

கிலுகிலுப்பையை வாங்கி என்னிடம் நீட்டினார். "ஆயாம்மா, இதுக்கும் ஒரு ஆபரேஷன் பண்ணு. உள்ள இருக்குற மணியெல்லாம் எடுத்துடு."

கத்தியால் பிளந்து, மணிகளைக் கொட்டிவிட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஆட்டினார். பையன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பையனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வந்தாள். கிலுகிலுப்பையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். டாக்டரம்மா அதைப் பையன் முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக ஒரு பக்கம் கொண்டுபோனார். கண் கூடவே போனது. இந்தப் பக்கம் கொண்டுவந்தார். வந்தது. அதற்குள் பையன் எட்டிப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டான்.

"எச்சி பண்ணிட்டான். கழுவி வை ஆயாம்மா, அடுத்த புள்ளைக்கு வேணும்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண் அதை ஆஸ்பத்திரிக்கே விட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் பிறந்த ஊரிலேயே கண்ணைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிடுகிறார்களாம், விழித்திரை பிய்வதற்கு முன்பே தெரிந்துவிடுகிறதாம். நல்லது. வேலையை விட்டு வரும்போது கிலுகிலுப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கைப்பிடி முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடம். எது எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாது. எல்லாருமே பார்த்துப் பிடுங்கியவர்கள்.