தலைக்கு ஊற்றாத இரண்டு நாள்

மரைன் ஹில் அரசுக் குடியிருப்பில் கக்கூஸ் குழாய் அடைத்துக்கொண்டால் சிவஞானத்தைத்தான் கூப்பிடுவோம். ஐம்பத்தெட்டாம் வருஷம் ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி, மெட்ராஸில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். வந்த நாள் முதல் இதே வேலை. ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கடிதம் போடும்போது 'பைப் ஃபிட்டர்' என்று மட்டும் எழுதுவார். எந்தப் பைப் என்று அந்த அம்மாளும் கேட்டதில்லை.

ஆள் கறார். அடைப்பை எடுத்ததோடு போய்விட மாட்டார். ஏன் அடைத்தது என்று வீட்டுக்காரியை நிற்கவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். நாங்கள் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்ப்போம். தேய்த்ததை அப்படியே அங்கணத்தில் கொட்டுவோம். சாம்பல் குழாய்க்குள் படியும், நார் அதைப் பிடித்துக் கட்டியாக்கும். கோடையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுவார்கள் என்பதால் கக்கூஸுக்கு ஒரு செம்போடு நிறுத்திக்கொள்வோம். போக வேண்டியது பாதி வழியில் நின்றுவிடும். "துவைச்ச தண்ணியையாச்சும் ரெண்டு வாளி ஊத்துங்கம்மா, என்ன கஷ்டம் உங்களுக்கு" என்பார். அங்கண வாயில் ஒரு வலைத்தகடு வைக்கச் சொல்லி வாய் வலித்துப்போனார். யார் கேட்டோம்? திரும்பத் திரும்ப அதே வீடுகளிலிருந்துதான் அவரைக் கூப்பிட ஆள் போகும். அதில் என் வீடும் ஒன்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அறுபத்தேழில் ஒரு சனிக்கிழமை அவருக்குத் தந்தி வந்தது. 'அம்மா சீரியஸ், உடனே புறப்படவும்.' மெட்ராஸ் கப்பல் முந்தின நாள்தான் போயிருந்தது. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். அந்தத் தந்திக்கு என்ன அர்த்தம் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். உயிர் போன பிறகுதான் ஊரில் 'சீரியஸ்' என்று தந்தி அடிப்பார்கள். சாவுச் செய்தி காதில் விழுந்ததும் தலை முழுக வேண்டும். கராச்சர்மாவில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் அவர் மனைவி கமலாட்சி அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

"சீரியஸுன்னுதான போட்டிருக்கு. தலை முழுகச் சொல்லிப் போடலையே" என்றாராம்.

ஞாயிறும் திங்களும் கழுத்துக்குக் கீழேதான் ஊற்றிக்கொண்டார். அழவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கும்" என்றார். ஓவர்சியர் "சுட்டி லேலோ" என்று லீவு கொடுக்க வந்தார். லீவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மனுஷர் வேலைக்கு வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டில் அடைப்பு. தந்தி சமாச்சாரம் அப்போது எனக்குத் தெரியாது. மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார். ஏழடிக்கு மேல் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு நிற்கவைக்கவும் இல்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"சாம்பல்தாண்ணே. என் தப்புத்தான்" என்றேன்.

"சாம்பல் இல்ல. வேரு."

கொல்லையில் நான் ஊன்றிய முருங்கைக் கொம்பு. குழாய் போகிற வழியில் மரம் வைக்காதே என்று இரண்டு வருஷமாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குக் கீரை வேண்டாமா என்று நான் வாயாடியிருந்தேன்.

அன்று அவர் அதைச் சொல்லிக்காட்டாமல் தோண்டினார். மழையில் மேட்டு மண் இறங்கி, இரண்டு மண்குழாய்கள் சேருகிற இடத்தில் சிமெண்டு விட்டிருந்தது. அந்த விரிசல் வழியே நுழைந்த மெல்லிய வேர், உள்ளே ஈரத்தைத் தின்று சடையாக வளர்ந்திருந்தது. பள்ளம் குறுகல். குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு, வெட்டி வெட்டி இழுத்தார். கடைசிக் கொத்து கழன்றதும் மேலே தேங்கி நின்றதெல்லாம் ஒரேயடியாக வந்தது. தலையை எடுக்க அவருக்கு நேரமில்லை.

நான் பதறிப்போய் வாளியைத் தூக்கினேன். "குனிங்கண்ணே, தலைக்கு ஊத்திடறேன்."

"ஊத்தாதீங்க."

அவர் திட்டி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கத்திக் கேட்டது அன்றைக்குத்தான். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் முகத்தை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டு புதுக் குழாயை இறக்கினார், சேருமிடத்தைச் சிமெண்டால் பூசினார். "நாளைக்கு வரைக்கும் தண்ணி விடாதீங்க. முருங்கைய வெட்டிருங்க" என்றார். எப்போதும் பேசுகிற குரல்தான். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கராச்சர்மா வரைக்கும் நடந்தே போனார்.

மீதியைக் கமலாட்சி பிற்பாடு சொன்னாள். வாசல் பக்கம் வராமல் நேரே கொல்லைக்குப் போய், கழுத்துக்குக் கீழே ஊற்றி, கை கால்களுக்குச் சோப்புப் போட்டார். தலைமுடியில் காய்ந்து ஒட்டியிருந்தது அப்படியே இருந்தது.

"துண்ட நனைச்சுத் தொடைச்சாப் போயிருமா?" என்று கேட்டார்.

"போகாதுங்க."

ரொம்ப நேரம் நின்றாராம். பார்க்கச் சகிக்காமல் கமலாட்சிதான், "வேலை அழுக்குக்குன்னு நெனச்சு ஊத்திக்கங்க" என்றாள்.

"இருக்கறது ஒரு தலைதான, கமலாட்சி."

அப்படிச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கித் தலையோடு கவிழ்த்துக்கொண்டார். அழுக்கெல்லாம் போகும் வரைக்கும் ஊற்றினார். ஈரத்தோடு படிக்கல்லில் உட்கார்ந்த பிறகுதான், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் போல, "எங்காத்தா செத்துப்போச்சு" என்றாராம்.