தேடுபொறிக்குக் கொடுத்த செல்லப்பெயர்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இணையத்தளங்கள் செய்துகொடுத்து வந்தேன். பலகாரம் செய்து விற்கும் யோகேஸ்வரி அக்காவுக்கு, வெளிநாட்டிலிருப்பவர்கள் இங்குள்ள உறவினருக்கு ஓடர் கொடுக்கும் தளமொன்றைச் செய்தேன். தேடுபொறியில் அது அகப்படுவதற்கு, பக்கத்தின் விபரக்குறிப்பில் என்ன சொற்கள் போடலாம் என்று கேட்டேன்.

"முறுக்கு, பயத்தம்பணியாரம் எல்லாம் போடுங்கோ பிள்ளை. அதோட குஞ்சக்கா எண்டும் போடுங்கோ."

"அந்தப் பேரை ஆர் தேடப்போகினம், அக்கா?"

"இருக்கட்டும், போடுங்கோ."

புதிராக இருந்தது. அக்காவின் ஊர்ப்பெயரோடு சேர்த்து, ஆங்கில எழுத்திலும் போட்டேன். பிறகு யார் எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று ஆவலோடு பார்ப்பேன். எல்லாம் முறுக்குத்தான்.

சில மாதங்களில், நோர்வேயிலிருந்து ஒருவர் 'குஞ்சக்கா' என்று தேடி வந்திருந்தார். ஓடர் கொடுக்கவில்லை. "இது என்ர அக்காவோ?" என்று தளத்தில் எழுதி, தொலைபேசி எண்ணை விட்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். இடப்பெயர்வில் பிரிந்த தம்பியாம். உயிரோடு இருக்கிறாரா என்றே அக்காவுக்குத் தெரியாது. அவர் மட்டும்தான் அக்காவை 'குஞ்சக்கா' என்று கூப்பிடுவாராம்.

எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "குரல் தடிச்சுப்போச்சடா" என்றார்.

இப்போது யாராவது புதுத்தளம் செய்விக்க வந்தால், "உங்களை ஆர் தேடவேணும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பலர் சற்று யோசித்துவிட்டே பதில் சொல்கிறார்கள்.