கழுத்தில் மாட்டிப் பார்த்தவர்

செஞ்சி கேமரா கடையில் அவரைத் திருடன் என்றே நம்பினேன். நரைத்த மீசைக்காரர். ஒவ்வொரு கேமராவாகக் கழுத்தில் மாட்டி, கண்ணை மூடியபடி வாசல் வரை நடந்தார். லென்ஸ் விலை விசாரிக்கப் போன நான் பதறிப்போய் வாசலை மறித்து நின்றேன். என் தொப்பைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

“இன்னா சார், திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? வூட்டுக்காரிக்குக் கழுத்து வலி. கோட்டை மேல ஏறிக் கழுகைப் படம் எடுக்கணுமாம். எது கனம் கம்மின்னு பாக்குறேன்.”

“அப்போ இந்தச் சின்ன லென்ஸே போதுமே!” என்று அசடு வழிந்தேன்.

“அதுல கழுகு ஈ மாதிரி தெரியும் சார். அவ மூஞ்சி வாடிடும்.”

அந்தச் சின்ன லென்ஸையும் பக்கத்திலிருந்த பெரிய லென்ஸையும் வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். “கழுகு வர்ற வரைக்கும் என் கழுத்துல கெடக்கட்டும்” என்றார்.

கனமான பெரிய லென்ஸையே வாங்கிக்கொண்டு போனார்.