ஏழுக்குக் கீழே இறங்காத பொருத்தம்

கம்ப்யூட்டர் படிக்கப் போன நாட்களை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பையன்கள் ஷூவைக் கழற்றிவிட்டு, துவைக்காத சாக்ஸோடு உள்ளே வருவார்கள். ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து ஏ.சி. போட்டிருந்ததால் அந்த வாடைக்கு வெளியே போக வழியில்லை. போதாததற்கு முதலாளி ஊதுவத்தி வேறு கொளுத்தி வைப்பார். இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றமாகிவிடும்.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு தறி நூல் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு, புதுச்சத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அங்கே போய் வந்தேன். எங்கள் வீட்டில் விவசாயம். "கல்யாணம் கூடற வரைக்கும் போய்ட்டு வரட்டும்" என்று அப்பா அனுப்பியிருந்தார்.

முதலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு முன் நூல் வியாபாரம் செய்தவர். மூக்குப்பொடி எடுத்த விரலாலேயே கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார். எழுத்துகளின் இடுக்கில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். என் முறை வரும்போது கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ஒரே ஒரு மெஷின் என்பதால் முதல் சில மாதங்கள் எல்லாம் காகிதத்தில்தான். புரோகிராமை எழுதி, நாமே மெஷினாக இருந்து ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். அவருக்கும் நிறையத் தெரியாது. ஆனாலும் அந்தக் காகித ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கே தப்பு என்று என் கண்ணாலேயே பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, திருமணப் பொருத்தம் பார்க்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நட்சத்திரம், ராசி, பத்துப் பொருத்தம் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி எழுதினேன். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கு கணக்காக இருக்க வேண்டும். கையால் போட்ட விடையும் மெஷின் கொடுத்த விடையும் ஒன்றாக வந்த அன்று, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூடத் தெரியவில்லை.

படிக்கட்டருகே போர்டு வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வந்தது. சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன். வருகிற எல்லா ஜோடிக்கும் பத்துக்கு ஏழு, எட்டு, ஒன்பது. யாருக்கும் அதற்குக் கீழே வரவில்லை.

புரோகிராமை அச்செடுத்துப் படித்தேன். அப்போதெல்லாம் புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு; நான் பத்து, இருபது என்று பத்துப் பத்தாகத்தான் கொடுப்பேன். நடுவில் ஐந்தில் முடியும் ஒரு வரி இருந்தது. அது என்னுடையது இல்லை. கூட்டுத்தொகை ஏழுக்குக் குறைந்தால் ஏழு என்று வைத்துக்கொள் என்றது அந்த வரி. நான் ஆக்கி வைத்த சோற்றில் யாரோ துப்பிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சாரிடம் கேட்டேன். "மொதலாளி சேக்கச் சொன்னாரு, சேத்தேன்" என்று தலை குனிந்துகொண்டார்.

முதலாளி சிரித்தார். "ஏம்மா, வர்றவங்க நல்ல வார்த்தை கேக்கத்தான வர்றாங்க? நாலு, அஞ்சுன்னு வந்தா மறுபடி யாரு வருவா?"

"அது பொய்ங்க சார்."

"கம்ப்யூட்டர் சொல்லுது. நானா சொல்றேன்?" பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் என் அப்பாவும் இருந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தார். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ள ஓமலூர்ப் பக்கம், சாமி. நல்ல எடம்."

வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஜாதகத்தையும் மாப்பிள்ளையுடையதையும் முதலாளியே முன்னால் நின்று சாரைப் போடச் சொன்னார். பிரிண்டர் கிறீச்சிட்டது. ஏழு. வெற்றிலை வைத்த தட்டில் காகிதத்தை நீட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"உன்ற மிசினே சொல்லிருச்சு பாத்தியா!"

சாரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு மெஷின் முன் உட்கார்ந்தேன். அந்த வரியை அழித்தேன். அதே நட்சத்திரங்களைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். நாலு வந்தது.

"உன்ன யாரும்மா தொடச் சொன்னது?" என்று முதலாளி கத்தினார்.

அப்பா இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது நெசம் சாமி?"

"நாலுங்கப்பா. ஏழுங்கறது இவுங்களாச் சேத்துனது."

அப்பா எழுந்தார். "ஏனுங்க, பொண்ணுப் புள்ளைங்க வாழ்க்கையில இப்பிடி வெளையாடறீங்களே!" என்று ஒரே சத்தம். காத்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். நாங்கள் இறங்கி வந்தோம். என் செருப்பைக்கூட நிதானமாகத்தான் மாட்டினேன். அவ்வளவு நிறைவு.

அது திரும்பும் பஸ் மல்லூர் தாண்டும் வரைக்கும்தான். "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா. வேலைக்குப் போவோணும்" என்றேன்.

"அதெல்லாம் நீ பேசப்படாது" என்றார், கோபமே இல்லாமல். "நாலுன்னு வந்துருச்சு, அதனால இந்த எடம் வேண்டாம். எட்டு வர்ற எடமாப் பாக்கலாம். இனிமே வர்ற சாதகத்தையெல்லாம் நீயே வூட்ல கணக்குப் போட்டுப் பாத்துச் சொல்லிப்போடு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த எண்ணுக்கு இருந்த மரியாதை என் வார்த்தைக்கு இல்லை. நான் சரியாக எழுதியதும் முதலாளி பொய்யாகத் திருத்தியதும் அப்பாவுக்கு ஒரே காரியத்துக்குத்தான் பயன்பட்டன. அந்தப் புரோகிராம் மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன், செய்தி மட்டும் ஊரில் பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து மகள் ஜாதகத்தை நீட்டினார். "பொய் சொல்லாத மிசினாமே, பாத்துச் சொல்லு கண்ணு."

"அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கத்தை. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்" என்றேன். அத்தை நம்பவில்லை. வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். வீட்டிலிருந்த அந்தப் புரோகிராமின் அச்சுப் பிரதியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கேட்டார்கள். அப்பாவிடம் அனுமதி கேட்காமல் போய்ப் பார்த்து, வேலை கிடைத்த பிறகு சொன்னேன். "மில்லு பஸ்ஸு நம்ம ரோட்டுல நிக்குதா?" என்று மட்டும் கேட்டார். நிற்கும் என்றேன்.

முதல் வாரமே அங்கே பிரிண்டர் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன். பஞ்சுத் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. அதற்குள் செத்து அழுகிய ஒரு பல்லி. ஆபீசில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நான் ஒரு பழைய காகிதத்தால் அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினேன்.