மூன்றாவது அட்டவணை

ஆய்வுக் கட்டுரையை எழுதிய களைப்பு எப்போதோ போய்விட்டது. அதன் அட்டவணைகளை அடித்த களைப்புதான் இன்னும் என் தோளில் உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்தேன். ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்து கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் பெண்களுக்கு உடம்பில் எங்கெங்கே வலிக்கிறது என்பது ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேட்டவள் நான்.

முதல் வீட்டிலேயே ஓர் அக்கா புடவையைச் சற்றுத் தூக்கி வீங்கிய முழங்காலைக் காட்டிவிட்டு என்னை மடக்கினார்.

"அல்லாரும் வந்து எழுதிக்கினு போறாங்க. அப்பால ஒண்ணும் காணோம். நாங்க சொல்றது புக்குல வருமா, வராதா?"

"வரும்க்கா. வந்ததும் கொண்டாந்து காட்டுறேன்" என்றேன்.

அவர்கள் சொன்னதெல்லாம் மூன்றாவது அட்டவணையில்தான் இருந்தது. தோள், இடுப்பு, முழங்கால் என்று பக்கவாட்டில், வயது மேலே. மற்ற இரண்டும் வெறும் அறிமுகம்.

நாங்கள் அனுப்பவிருந்த வெளிநாட்டு இதழின் விதிகளைப் பார்த்தால் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரே தேவலை. ஒவ்வொரு அட்டவணையும் தனித் தாளில் இருக்க வேண்டும். வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி. நெடுக்குக் கோடு கூடவே கூடாது. எங்கள் பேராசிரியருக்கோ கட்டம் போடாவிட்டால் அது அட்டவணையே இல்லை. "என்னம்மா, காம்பவுண்டு இல்லாத காலி சைட் மாதிரி இருக்கு" என்பார். கோடு போடுவேன். விதியைக் காட்டுவேன். எடுக்கச் சொல்வார்.

எண்களை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் நேராக நிறுத்தியிருந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஃப்ளாப்பியோடு லேசர் பிரிண்டர் இருந்த கடைக்குப் போனால், அங்கே எழுத்துரு வேறு; எண்களெல்லாம் இடம் நகர்ந்துவிட்டன. இளம்பெண்களின் வலியெல்லாம் நடுவயதுக்காரிகளின் தலையில் விழுந்திருந்தது. மறுபடி பஸ், மறுபடி ஆபீஸ், மறுபடி முதலிலிருந்து. ஈஜிபுராவில் இருந்த என் வாடகை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பிகூட நெடுக்குக் கோடாகத்தான் தெரியும். என் தோளும் வலித்தது. அதை எந்த அட்டவணையில் போடுவது?

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கடிதம் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. பேராசிரியர் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், இடமில்லாததால் மூன்றாவது அட்டவணையை நீக்கி, அதை ஒரே வாக்கியமாகச் சொல்லவும் என்று இருந்தது.

"ஒரு டேபிள்தானே, விடும்மா. பேப்பர் வருதுல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. நீக்கினேன். நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இதழ் வந்ததும் ஸ்ரீராம்புரம் போனேன். அக்கா வேலை முடிந்து வந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் பிரித்து அந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்தேன். படித்துச் சொல்லச் சொன்னார். தமிழில் சொன்னேன்.

"வயசு ஏற ஏற வலியும் ஏறுதுன்னு போட்டிருக்குக்கா. விவரம் இங்க காட்டலைன்னும் போட்டிருக்கு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா காட்டல? நாங்க உன்னாண்ட அல்லாத்தையும் காட்டினோமே."