யாருக்கு அரைப்பேர்?

கோகிலவாணிக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரலும் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாவணி நுனியிலோ துப்பட்டாவிலோ துடைக்க ஆரம்பிப்பாள். அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது உத்தமம். "லயத்துப் பிள்ளைக்கு எதுக்கு கம்ப்யூட்டர், கொழுந்து எண்ணவா?" என்று ஊரில் ஒரு பெரிய மனிதர் சிரித்தபோதும் இப்படித்தான் துடைத்தாள். பிறகு இரத்தினபுரிக்குப் போய் டிப்ளோமா முடித்துவிட்டு வந்து, அந்த மனிதர் வீட்டுப் படியிலேயே நின்று சான்றிதழைக் காட்டினாள். "கொழுந்தும் எண்ணும், உங்க வாயையும் மூடும்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் பிறவியே அப்படி.

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம். அம்மா ராக்கம்மா அங்கேயே கொழுந்து எடுத்து மகளைப் படிக்க வைத்தாள். 2007இல் கோகிலவாணி இரத்தினபுரி நகரத்தில், முக்தார் முதலாளியின் சின்ன சொஃப்ட்வெயார் கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பனிக்குத்தான் அவள் பிறந்த தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கம்ப்யூட்டர் தராசு வைக்கும் வேலை கிடைத்தது. தன் கையாலேயே தன் தோட்டத்துக்கு ஒரு நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்து முருகனுக்குத் தேங்காய்கூட உடைத்தாள். பாவம், அந்தத் தேங்காயை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

வேலை பெரிய காரியம் ஒன்றுமில்லை. கொக்கியில் சாக்கை மாட்டினால் தராசு கம்பி வழியாக எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கணக்கு எழுதும் கிளாக்கர் ஆளின் நம்பரைத் தட்டுவார், எடை அச்சடித்த துண்டு வெளியே வரும். அவ்வளவுதான். பழைய தராசு இருந்த காலத்தில் செல்லையா கணக்கப்பிள்ளை சத்தம் போட்டே பகல் நிறுவையை முடித்துவிடுவார். பெண்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு மலைக்குத் திரும்ப நேரம் இருக்கும். புதுப் பெட்டி வந்த பிறகு வரிசை மடுவத்துக்கு வெளியே, மழையில், ரோட்டு வரைக்கும் நீண்டது. மலைக்குத் திரும்பப் பிந்தினால் அரைப்பேர். அதாவது காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்திருந்தாலும், அன்றைக்குப் பாதி ஆள்தான் வேலைக்கு வந்தாள் என்று பதிவு.

அந்த மழைக் காலத்தில் ராக்கம்மாவுக்கு அரைப்பேர் மேல் அரைப்பேராக விழுந்தது. கால் வீங்கியவள், மேட்டு மலையில் எடுப்பவள். வரிசையில் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்வாள். ஒருநாள் காலை, வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார்: திரும்பத் திரும்ப அரைப்பேர் வாங்குகிறவர்களின் பேரை மாத முடிவில் வெட்டப்போவதாக. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலையோடு லயத்துக் காம்பராவும், அதாவது குடியிருக்கும் வரிசை வீட்டு அறையும், போகும். ராக்கம்மா கல்யாணம் கட்டி வந்தது, கோகிலவாணி பிறந்தது, அப்பா கண் மூடியது எல்லாம் அந்த ஒரே காம்பராவில்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மகளிடம் ராக்கம்மா அழவில்லை. "ஒங்க பொட்டி ஏண்டி இப்பிடி நத்த மாதிரி ஊருது?" என்றுதான் கேட்டாள்.

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றினாள்.

மறுநாள் மடுவத்துக்கே நேராகப் போனாள். ஒரு நிரல் ஓடும்போது அதன் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளந்து சொல்லும் கருவிகள் உண்டு. படமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் வரி வரியாகச் சதவீதத்தைக் கொட்டும். தன்னிடம் இருந்த நிரலை அந்த அளவெடுப்புக்கு ஏற்ற மாதிரி மறுபடி கட்டி ஏற்றினாள். பகல் நிறுவை முழுக்க ஓடவிட்டு, அது விட்டுப்போன கோப்பைக் கட்டளையில் திறந்தாள். பெயர் தேடும் பகுதியில்தான் கோளாறு இருக்கும் என்று அவளுக்குப் பலத்த சந்தேகம். பட்டியலின் உச்சியில் அதுதான் இருந்தது. ஆனால் மொத்த நேரத்தைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேர் மழையில் நின்ற அந்தப் பகல் முழுவதிலும் நிரல் வேலை செய்தது ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட இல்லை.

இருந்ததை இருந்தபடியே முதலாளியிடம் சொன்னாள். அவள் செய்த தப்பு அதுதான். முக்தார் முதலாளிக்கு அது போதாதா? அந்தப் பக்கத்தை அச்சடித்து, கீழே அவள் பேரையும் போட்டுக்கொண்டு சந்தோஷமாகத் துரையிடம் ஓடினார். அடுத்த நாள் காலை பெரட்டில் செல்லையா கணக்கப்பிள்ளை அதை உயர்த்திப் பிடித்து, துரை சொன்னதைத் தமிழில் சொன்னார்: "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. பொட்டியில ஒரு கொறையும் இல்ல. கத பேசி வரிசைய இழுக்குறது நீங்கதான். இதுதான் கடைசி எச்சரிக்க. ராக்கம்மா, முக்கியமா ஒனக்கு."

அன்றைக்குப் பின்னேரம் ராக்கம்மா பக்கத்துக் கடையிலிருந்து போன் எடுத்தாள். "நீதான் எழுதிக் குடுத்தியாமே? பொட்டி நல்லது, ஆளுங்கதான் மோசம்னு?"

"அம்மா, நான் அப்பிடிச் சொல்லலம்மா..."

"ஒம் பேருதான் கீழ இருந்துச்சாம். செல்லையா எல்லாருக்கும் கேக்கவே வாசிச்சான்." ராக்கம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த வினாடி கோகிலவாணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமத்தப் பெற்ற மகளின் பேரையே எடுத்திருக்கிறார்கள். வேறு ஒருத்தியாக இருந்தால் தலையணையில் முகம் புதைத்து அழுதிருப்பாள். இவள் மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். முதலாளியிடம் லீவும் கேட்கவில்லை, உத்தரவும் வாங்கவில்லை.

மடுவத்தின் மூலையில் உட்கார்ந்து, இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தாள். ஒருத்தி சாக்கை மாட்டினாள். கிளாக்கர் நம்பரைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கதை பேசவில்லை. பெட்டியும் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம், சாவகாசமாக, எடை விழுந்தது.

அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. அந்தக் கருவி அளப்பது நிரல் மூளையைக் கசக்கி வேலை செய்கிற நேரத்தை மட்டும். நிரல் சும்மா காத்திருக்கிற நேரம் அதற்கு நேரமே இல்லை. வெறும் பூச்சியம், சுழி என்று எழுதிவிடும். அதோடு, தராசோடு பேசுகிற பகுதியைக் கம்பனியில் கூட வேலை செய்யும் புவாட் தனியாகக் கட்டி, முடிந்த பொருளாகத்தான் கொடுத்திருந்தான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இவள் பார்த்ததே கிடையாது. காத்திருப்பைக் கணக்கில் எடுக்காத கருவியும் அரைப்பேர் போடுகிற தோட்டமும் நல்ல ஜோடிதான் என்று பல்லைக் கடித்தாள்.

வேறொரு கட்டளையைத் தட்டினாள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் தோளில் உட்கார்ந்து, அது எப்போது என்ன கேட்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அப்படியே சொல்லும் கட்டளை அது. திரையில் வரிகள் ஓடின. அடுத்த சாக்கு கொக்கியில் ஏறியது. வரிகள் நின்றன. 'தூங்கு' என்று ஒரு வரி. நிரல் தானாக விரும்பிக் கேட்டு வாங்கிய தூக்கம். சாக்கு இறங்கியது. அடுத்த சாக்கு. மறுபடியும் அதே தூக்கம், அதே நீளம். ஒவ்வொரு சாக்குக்கும்.

வெளியே வந்து புவாட்டுக்குப் போன் எடுத்தாள். அவளைவிட மூத்தவன், தங்கமானவன்தான். யார் எது சொன்னாலும் தலையாட்டுவது ஒன்றுதான் அவன் குறை.

"புவாட் நானா, தராசுப் பகுதியில எதுக்கு தூங்க வச்சிருக்கீங்க?"

"அதுவா? தொர செல்லித்தான் போட்டன் தங்கச்சி. மழக் கொழுந்து, தண்ணி வடிஞ்ச பொறகு எட எடுக்கணும் எண்டார். செட்டிங் பைல்ல ஒரு நம்பர் ஈக்கி, அத அவரே கூட்டிக் கொறைப்பார். ஏன், என்ன நடந்த?"

"தண்ணிக்குத்தான் கணக்கப்பிள்ளை ஏற்கெனவே ஒவ்வொரு சாக்குலயும் எட கழிக்கிறாரே நானா!"

"அல்லாஹ்வே, அது எனக்குத் தெரியாதே" என்றான் புவாட்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். தண்ணீருக்கு ஒரு கழிவு. அந்தத் தண்ணீரே வடியட்டும் என்று ஒரு காத்திருப்பு. காத்திருந்ததால் பிந்தினால் அரைப்பேர். அரைப்பேர் சேர்ந்தால் பேர் வெட்டு. நல்ல மனசுக்காரத் துரை ஐயா!

அவள் உள்ளே போய்க் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பெரிய திரையைத் தூக்கி, வரிசையில் நிற்கும் பெண்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "எல்லாரும் இங்க பாருங்க. சாக்க மாட்டுனதும் இந்த எழுத்து நிக்கிற எடத்தப் பாருங்க. இப்ப பொட்டி தூங்குது. தொர தூங்கச் சொல்லி வச்சிருக்காரு. பாருங்க, இன்னும் எழும்பல. இன்னும் எழும்பல. இப்ப எழும்பிருச்சு."

செல்லையா கணக்கப்பிள்ளை "ஏய் புள்ள, ஒனக்கு என்ன பைத்தியமா?" என்று பாய்ந்தார். சத்தம் கேட்டு ஸ்டோர்ப் பக்கமிருந்து துரையே வந்துவிட்டார். உடனே அதை மூடு, இது தோட்டக் கம்பனியின் உள் விஷயம் என்று சிங்களத்தில் அதட்டினார். கோகிலவாணி அதைவிட நல்ல சிங்களத்தில் கேட்டாள்: மழையில் நிற்பது இவர்கள், பேர் போவது இவர்களுக்கு, பிறகு எப்படி அது உங்கள் உள் விஷயம்? கேட்டதை ஒரு சொல் விடாமல் தமிழிலும் திருப்பிச் சொன்னாள், பின்னால் நிற்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று.

வரிசையின் கடைசியிலிருந்து ராக்கம்மா நொண்டி நொண்டி முன்னால் வந்தாள். முதுகில் இருந்த சாக்கைக் கொக்கியில் மாட்டவில்லை; தரையில் தொப்பென்று போட்டாள்.

"தொரைங்களே, நாங்க பிந்துனதுக்கு எங்களுக்கு அரைப்பேரு. சரிங்க. இந்தப் பொட்டி தெனமும் தூங்குனதுக்கு யாருக்குங்க அரைப்பேரு?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவள் தன் சாக்கைக் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் போட்டாள். ரோட்டு வரைக்கும் சாக்குகள் இறங்கின. கட்டிப் போட்ட கொழுந்து உள்ளுக்குள்ளேயே வெந்து கறுத்துப்போகும் என்பது துரைக்குத் தெரியாதா? லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். துரை முதலில் கத்தினார். பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். பெண்கள் மழைக்குக் கட்டியிருந்த படங்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே குந்தினார்கள். காத்திருப்பதுதான் அவர்களுக்குப் பழகிப்போன வேலையாயிற்றே.

முதலில் இறங்கி வந்தது துரைதான். போட்ட அரைப்பேரை எல்லாம் முழுப்பேராக மாற்றச் சொல்லி, எல்லோர் முன்னாலும் செல்லையாவிடம் சொன்னார். பேர் வெட்டுகிற பேச்சு இனி இல்லை என்றும் சொன்னார். செல்லையா அதைத் தமிழில் முணுமுணுத்தார். "சத்தமாச் சொல்லுங்கய்யா, அன்னைக்கு வாசிச்ச மாதிரி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் சத்தமாகவே சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கோகிலவாணியின் போன் அடித்தது. முக்தார் முதலாளி. நாளையிலிருந்து கம்பனிப் பக்கம் வர வேண்டாம் என்றார். "நல்லது முதலாளி, அந்தப் பேப்பர்ல இருக்கிற என் பேரையும் வெட்டிருங்க" என்று சொல்லிப் போனை மடக்கினாள். அதன் பிறகு செட்டிங் கோப்பைத் திறந்து, புவாட் சொன்ன அந்த எண்ணைச் சுழியாக்கினாள். இரண்டு விரல் தட்டு. அவ்வளவுதான் வேலை.

"அம்மா, மொதல்ல நீங்க மாட்டுங்க."

ராக்கம்மா சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். கையை எடுப்பதற்குள் எடை விழுந்து துண்டு வெளியே வந்துவிட்டது. அவள் துண்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாம்மா."

"இதுக்காடி எம் பேர வெட்டப் பாத்தானுங்க?" என்றாள் ராக்கம்மா. துரை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.