தாளிக்காத குழம்பு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. மங்கலம்பேட்டைக்காரியான எனக்கு அப்போதுதான் கிள்ளைக்கு ஆசிரியையாக மாற்றல் வந்திருந்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. மீனவர் தெருவை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டில் தனியாகக் குடியிருந்தேன்.

சமையலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுவேன். கிள்ளையில் அதற்குத் தேவையும் இருந்தது. மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் நல்ல காய்கறி வேண்டுமென்றால் சிதம்பரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த வாரம் ரோட்டில் தண்ணீர் ஏறிப் பஸ்ஸும் நின்றுவிட்டது. தெருக்கடையில் சரக்கு தீர்ந்து, கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். என் சமையலறையில் மிஞ்சியது ரேஷன் அரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, கொஞ்சம் புளி, மிளகாய்த்தூள், உப்பு. எண்ணெயும் கடுகும் காலி.

பக்கத்து வீட்டில் ஒரு மீனவக் குடும்பம். கணவன், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை. அந்த மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். நான் வந்த புதிதில் மீன் ஆயத் தெரியாமல் விழித்தபோது, என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி அவளே ஆய்ந்து கொடுத்தாள். "இவ்ளோ படிச்சிட்டு இது தெரியலியே டீச்சர்" என்று கேலி வேறு. மழை வலுப்பதற்கு முன் கடலுக்குப் போன அவள் கணவரின் படகு, திரும்பும்போது முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இருவர் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவரை மட்டும் காணவில்லை. தெரு ஆண்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒரே பிஸ்கட்டை நெடுநேரம் கடித்துக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தில் ஒரு காயைப் பறித்து, தோல் சீவி, அந்தக் கைப்பிடிப் பருப்போடு வேகவைத்து, புளி கரைத்து ஊற்றி ஒரு குழம்பு வைத்தேன். தாளிக்க வழியில்லை, அப்படியே இறக்கிவிட்டேன். ஒரு தூக்கில் சோறு, இன்னொன்றில் குழம்பு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். இருப்பதை வைத்து இவ்வளவு ருசியாகச் செய்துவிட்டோமே என்ற பெருமையும் மனதில் இருந்தது, மறைப்பானேன்.

அவள் மூடியைத் திறந்தாள். குழம்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாளிக்காம கொண்டாந்திருக்கீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக் கொண்டுபோவார்கள். அந்தக் குழம்பைத் தாளிக்கவும் மாட்டார்கள். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். எத்தனையோ வீடுகளுக்கு நானே கொண்டுபோயிருக்கிறேன். அன்று மட்டும் என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஐயோ, கடுகு தீந்துபோச்சி, அதான்..." என்று இழுத்தேன்.

"எங்கூட்ல எழவு ஒண்ணும் வுழல டீச்சர். காரைக்கால் பக்கம் எங்கனா கரை ஒதுங்கியிருப்பாரு, வந்துடுவாரு. எடுத்துட்டுப் போயிடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளை தூக்கைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, எழுந்து போய் ஈர விறகை ஊதி ஊதி அடுப்பை மூட்டினாள். நான் தூக்குகளோடு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் குழம்பை நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொட்ட மனம் வரவில்லை, சாப்பிடவும் முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் தினமும் சமைத்தாள். சோறும் சுட்ட கருவாடும், இல்லாவிட்டால் வெறும் புளித்தண்ணீர் ரசம். ஆனால் மூன்று பேருக்கு உலை வைத்தாள். யாரிடம் கடுகு வாங்கினாளோ, அவள் ரசத்துக்குத் தாளிக்கிற சத்தம் என் வீடுவரை கேட்கும். எனக்குக் கேட்கட்டும் என்றே தாளிக்கிறாள் என்று தோன்றும். அவள் கணவர் நடந்து வரவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அதில் என் சுயநலமும் இருந்தது. அவர் வந்துவிட்டால் நான் செய்தது வெறும் அசட்டுத்தனமாகப் போய்விடும்.

மழை விட்டது, பஸ் ஓடியது. சிதம்பரம் போய் எல்லாச் சாமானும் வாங்கி வந்தேன். அவள் வீட்டுப் படியேறத்தான் துணிச்சல் வரவில்லை.

படகு கவிழ்ந்து பத்து நாள் கழித்து, ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கையில் பிடித்தபடி அவள் என் கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடப் போனவர்கள் முந்தின நாளோடு நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"இன்னிக்கி நீங்க ஆக்கிக் கொண்டாந்துடுங்க டீச்சர்" என்றாள்.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டி மறித்தாள்.

"மொதல்ல கொண்டாந்தது நீங்கதான. நீங்களே கொண்டாங்க. என்னால இனிமே அடுப்பு மூட்ட முடியல."

அதைக் கோபத்தில் சொன்னாளா, உரிமையில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சமைத்தேன். வீட்டில் எல்லாம் இருந்தும் பருப்பு, புளி, உப்பு தவிர எதையும் சேர்க்கவில்லை. பிள்ளை மளமளவென்று சாப்பிட்டது. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். அந்தப் பத்து நாளில் முதல்முறையாக, தெருவே கேட்கும்படி வாய்விட்டு அழுதாள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலாவது அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டால், வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தன் கணவர் இனி வரமாட்டார் என்று ஒருத்தி ஒப்புக்கொள்ளும் நாளை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்; அதற்கு முன்பே நான் சோற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேனே என்பது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.